துணையாளர் இல்லாத மக்கள்

பெந்தக்கோஸ்துப் பெருவிழா நெருங்குந்தோறும் தூய ஆவியாரைத் 'துணையாளர்' என்று விளித்து மன்றாடுகிறோம். யோவான் நற்செய்தியில் வரும் 'பரக்ளேத்தோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நம் திருவிவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்த அழகிய தமிழ்ச்சொல் அது. அந்தக் கிரேக்கச் சொல் கோவிலைவிட வழக்கு மன்றத்திற்கே நெருக்கமானது. குற்றம் சாட்டப்பட்டு நிற்பவரின் அருகில் வந்து நிற்பதற்காக அழைக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். 'பரா' என்றால் 'அருகில்'. இன்று 'பாரா லீகல்' என வழங்கும் சொல்லின் முன்பாதியும் இதே 'பரா' தான். அவர் வழக்கறிஞர் அல்லர்; சட்டத்தின் அருகிலும், சட்டம் அறியாத ஏழையின் அருகிலும் நிற்கக் கற்றவர். குருமடத்தில் இச்சொல்லாராய்ச்சியைத் தேர்வுக்காகப் படித்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் அதன் பொருள் நமக்கு உண்மையாகவே விளங்கியது பிக்கட்டியில், கொழுந்து பறித்துக் கை கறுத்த ஒரு தாயின் கேள்வியால்.

அந்தத் தாய் ஒரே தோட்டத்தில் 28 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். முழங்கால் வலி பொறுக்க மாட்டாமல் வேலையை விட்டபோது, நிர்வாகத்தினர் ஒரு தாளை நீட்டினார்கள். சேரவேண்டிய பாக்கி அனைத்தையும் பெற்றுக்கொண்டதாகவும், இனி எந்த உரிமையும் கோரப்போவதில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. அத்துடன் ஒரு சிறு தொகை. எழுத்தறியாத அவர் தாளை எடுத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். "சாமி சொன்னா கைநாட்டு வைக்கிறேன்" என்றார். நாம் பாதி படித்தோம். மீதியைப் படிக்கப் பொறுமை இல்லை. "எதற்கம்மா வம்பு, கிடைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அறிவுரை கூறினோம். அவர் பெருவிரலைப் பதித்தார். அதன்கீழ்ச் சாட்சியாக நாமே கையெழுத்திட்டோம். தலையில் கைவைத்து ஆசீரும் வழங்கி அனுப்பினோம்.

ஓராண்டுக்குப் பின், நம் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு பெண் உதகையில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்திய பயிற்சிக்குச் சென்று வந்தார். பட்டம் பெற்றவர் அல்லர். பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர். அந்தத் தாளின் நகலை எப்படியோ பார்த்துவிட்டு நம்மிடம் வந்தார். "ஃபாதர், இந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை" என்றார். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடை வழங்கல் சட்டம், 5 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம் தரச் சொல்கிறது. அதற்கு முரணாக எழுதப்படும் எந்த ஒப்பந்தமும் அச்சட்டத்தை வெல்லாது என்று அச்சட்டமே உரைக்கிறது. காலம் தாழ்ந்த விண்ணப்பத்தையும் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம். 28 ஆண்டுகளுக்கு 420 நாள் ஊதியம். அந்தத் தாய் கையில் வாங்கியது 60 நாள் கூலிக்கும் குறைவு.

விண்ணப்பத்தை எழுதியவர் அந்தப் பெண். தொழிலாளர் துறை அதிகாரியின் முன் நான்கு முறை அந்தத் தாயோடு பேருந்து ஏறிச் சென்று அருகில் நின்றவரும் அவரே. பணம் வட்டியோடு வந்தது. நன்றி சொல்ல மெழுகுதிரியோடு கோவிலுக்கு வந்த அந்தத் தாய், சினம் சிறிதுமின்றி நம்மைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ சாமி, அன்னைக்கு நீங்க எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

நம்மிடம் விடை இல்லை. விடை இல்லாத அந்த நாளிலிருந்து எழுகிறது இக்கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். 'பணிக்கொடை' என்று அச்சட்டத்தைத் தமிழில் வழங்குகிறோம். கொடை என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. கொடுக்காவிட்டால் அவரைக் கேட்க நமக்கு உரிமையில்லை. சட்டம் சொல்வதோ கடன். தரவேண்டிய நாளில் தராவிட்டால் வட்டியோடு தரவேண்டிய கடன். கடனைக் கொடை என்று அழைத்துப் பழகிய மக்கள், கைகட்டி நிற்கிறார்கள். அவர்களைக் கைகட்டி நிற்கப் பழக்கியதில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு. வின்சென்ட் தே பவுல் சபை வழியாக அரிசி கொடுக்கிறோம். கிறிஸ்து பிறப்புக்குப் போர்வை கொடுக்கிறோம். பள்ளியில் இடம் கேட்டு வருவோர்க்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறோம். இவை தீயவை அல்ல. ஆனால் உரிமையாக வரவேண்டியதை இரக்கமாக வாங்கப் பழக்கிவிட்டால், அந்த ஏழையிடமிருந்து இரண்டு பொருள்களைப் பறித்துவிடுகிறோம்: அவருடைய பணத்தையும், அவருடைய நிமிர்ந்த தலையையும்.

"சட்டம் நமக்கெதற்கு, அது பெரியவர்கள் காரியம்" என்று நம் மலையில் பலர் கூறக் கேட்கிறோம். நீலகிரியில் இதைவிடப் பொருளற்ற பேச்சு வேறில்லை. இம்மலையில் வாழும் நம் மக்களில் பலர் எப்படி இங்கு வந்தனர்? 1948-ஆம் ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழர் பல லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அவர்களில் ஒருவரிடமும் ஒரு சொல் கேட்கப்படவில்லை. ஒரு மலையில் கொழுந்து பறித்தவர்களை எடுத்து இன்னொரு மலையில் வைத்தது சட்டம். அவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968-இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது, அது 1976-இல் 'டேன்டீ' கழகமானது. இவ்வாறு பிறந்த நாட்டையும், வாழும் வீட்டையும், செய்யும் வேலையையும் சட்டமே தீர்மானித்த ஒரு மக்களைப் பார்த்து, சட்டம் உங்கள் காரியமன்று என்று சொல்வது எத்தகைய கொடுமை!

சட்டம் நம்மை அடிக்கவும் கூடும், காக்கவும் கூடும். அடிக்கும்போது அது தானே நம்மைத் தேடி வருகிறது. காக்க வேண்டுமானால் நாம் அதைத் தேடிச் செல்லவேண்டியிருக்கிறது. இடையில் உள்ள வழியைக் காட்ட ஆள் இல்லாமையே ஏழையின் பெரும் வறுமை. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்று நம் முன்னோர் மனம் நொந்து சொன்னது இதைத்தான்.

நம் நாட்டின் அரசியலமைப்பு இக்குறையை அறியாமல் இல்லை. 1976-இல் செய்த 42-ஆம் திருத்தத்தின் வழியாக 39-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பொருளாதாரக் குறையினால் எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படலாகாது, அதற்காக அரசு இலவச சட்ட உதவி அளிக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1979-இல் பீகார்ச் சிறைகளைப் பற்றிய நாளேட்டுச் செய்தி ஒன்று உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் அடையக்கூடிய தண்டனைக் காலத்தைவிட நீண்டகாலம், விசாரணையே இல்லாமல் அங்கே ஏழைகள் அடைபட்டுக் கிடந்தார்கள். ஹுசைனாரா காத்தூன் என்ற பெண்ணின் பெயரால் வழங்கும் அந்த வழக்கில், விரைவான விசாரணையும் சட்ட உதவியும் வாழ்வுரிமையின் பகுதிகள் என்று நீதியரசர் பகவதி தீர்ப்பளித்தார். 1986-இல் சுக்தாஸ் வழக்கில் அவரே ஒருபடி மேலே சென்றார். கைதி கேட்கவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சட்ட உதவியை மறுக்கலாகாது என்றார். கேட்கத் தெரியாததுதானே ஏழையின் நிலை!

இவற்றின் பயனாக 1987-இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. நாட்டளவில், மாநில அளவில், மாவட்ட அளவில் ஆணைக்குழுக்களும், வட்ட அளவில் குழுக்களும் அமைந்தன. அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவை நம் மக்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்போர், பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் தங்கள் வருமானம் எதுவாயினும் கட்டணமின்றி வழக்கறிஞர் பெறலாம். ஏனையோர் குறித்த வருமான வரம்புக்குள் இருந்தால் பெறலாம். இதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. பங்குத்தந்தையின் கடிதமும் வேண்டியதில்லை. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தாலே போதும்.

இங்கே நம் நெஞ்சைச் சுடும் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வழங்கியது, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஒரே குடியிருப்பில் வாழும் இரு சகோதரர்களில், திருமுழுக்குப் பெற்ற தலித் சகோதரனுக்கு மேற்சொன்ன கதவு மூடியிருக்கிறது. அவ்வநீதியை எதிர்த்துக் குரல் கொடுப்போம். ஆனால் அதுவரை அவன் தெருவில் நிற்கவேண்டியதில்லை. தொழிலாளி என்ற கதவு திறந்திருக்கிறது; அவன் மனைவிக்குப் பெண் என்ற கதவு திறந்திருக்கிறது; வருமான வரம்பு என்ற கதவும் இருக்கிறது. மூடிய கதவைச் சுட்டிப் போராட்டம் நடத்தத் தெரிந்த நமக்கு, திறந்த கதவைச் சுட்டிக் காட்ட ஏன் தெரியவில்லை?

கதவைச் சுட்டிக் காட்டுபவரே சட்டம் சார்ந்த தன்னார்வலர். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009-இல் இதற்கெனத் திட்டம் வகுத்தது. எழுதப் படிக்கத் தெரிந்து, மக்கள்மீது பரிவும் நேர்மையும் உடைய எவரும் இப்பணிக்கு வரலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், மாணவர்கள் என்று அத்திட்டமே பட்டியல் இடுகிறது. பயிற்சி பெற்று, அடையாள அட்டையோடு பணி செய்கிறார்கள். பணி செய்யும் நாளுக்குச் சிறு மதிப்பூதியம் உண்டு. பிழைப்புக்குப் போதிய வருவாய் இல்லை.

அவர்கள் செய்வது என்ன? கையொப்பம் இடும் முன் தாளைப் படித்துச் சொல்வது. எந்த மனு எந்த அலுவலகத்திற்கு என்று சொல்வது. மனுவை எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கவைப்பது. காவல் நிலையத்தில் புகாரைப் பதியும்வரை உடன் நிற்பது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்பதை நினைவூட்டுவது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்பதைக் குடும்பத்தாருக்குச் சொல்வது. 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, 30 நாளில் விடை கேட்பது. வழக்காடும் நிலை வந்தால் இலவச வழக்கறிஞரிடம் சேர்ப்பது. நீதிமன்றத்தில் வாதாடுவது அவர்கள் வேலை அன்று. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் அவ்வுரிமையை வழக்கறிஞர்களுக்கே வைத்திருக்கிறது. எனவே எந்த வழக்கறிஞரின் பிழைப்பும் இதனால் கெடாது. கெடுவது இடைத்தரகர் பிழைப்பு ஒன்றே. வாரிசுச் சான்றுக்கும், பட்டா மாறுதலுக்கும், முதியோர் உதவித்தொகைக்கும் விலை பேசும் மனிதர்கள், பக்கத்தில் விவரம் அறிந்த ஒரு பெண் நின்றால் பேச்சைச் சுருக்கிக்கொள்வதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

வேறு நாடுகளில் இது முறையான தொழிலாகவே வளர்ந்துள்ளது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2007 முதல் இவர்களுக்கு உரிமம் வழங்கப்படுகிறது. வழக்கறிஞர் மிகக் குறைந்த சியரா லியோன் நாடு, 2012-இல் இயற்றிய சட்ட உதவிச் சட்டத்தில் இவர்களுக்கு இடம் அளித்தது. நம் நாட்டில் இன்னும் தொண்டாகவே நிற்கிறது. சில இடங்களில் இவர்களை முகாம்களுக்குப் பதாகை கட்டவும் நாற்காலி அடுக்கவும் மட்டுமே பயன்படுத்துகிறார்கள் என்பதும் உண்மை. அக்குறையைச் சொல்லி ஒதுங்குவதைவிட, நல்ல ஆட்களை அனுப்பி அதைத் தீர்ப்பது மேல்.

காலமும் அவசரத்தை உணர்த்துகிறது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் போய், நம் மக்கள் வாயில் நுழையாத பெயர்களில் புதிய சட்டங்கள் வந்துள்ளன. 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டங்களும் நான்கு தொகுப்புகளாகிவிட்டன. தோட்டத் தொழிலாளர்க்கு வீடும், மருத்துவமும், குழந்தைக் காப்பகமும் உரிமை என்று சொன்ன 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும், மேலே சொன்ன பணிக்கொடைச் சட்டமும் அத்தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டன. ஆண்டுக்கு 15 நாள் என்னும் கணக்கு அப்படியே இருக்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது என்பது மாறியிருக்கிறது. பழைய சட்டம் ஒழிந்துவிட்டது, இனி ஒன்றும் கிடையாது என்று எவராவது சொன்னால், நம் குடியிருப்புகளில் அதை மறுக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

பிறரைக் கேட்டது போதும். நம் வீட்டைப் பார்ப்போம். கத்தோலிக்கக் குடும்பத்தில் தந்தை உயில் எழுதாமல் இறந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமபங்கு. நூறாண்டு பழைய சட்டம். ஆனால் நடப்பது என்ன? 'கல்யாணத்திற்குப் போட்ட நகை போதும்' என்று சொல்லிப் பெண்மக்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். செலோபுகாதின் புதல்வியர் ஐவர் மோசேயின் முன் நின்று தந்தையின் சொத்தில் பங்கு கேட்டதையும், ஆண்டவர் அவர்கள் கேட்பது நியாயமே என்றதையும் எண்ணிக்கை நூலில் படிக்கிறோம். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். கணவனால் அடிபட்டு இரவில் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டும் பெண்ணிடம், சிலுவையைச் சுமக்கச் சொல்கிறோம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்கு அவ்வீட்டிலேயே வாழும் உரிமையும், பாதுகாப்பு ஆணையும் தருகிறது என்று சொல்ல மறந்துவிடுகிறோம். சமரசம் செய்துவைத்தோம் என்று குருக்களாகிய நாம் பெருமை கொள்ளும் இடங்களில் பாதி, எளியவரை வாய் மூடவைத்த இடங்கள். அந்தத் தாயின் தாளில் நாமிட்ட கையெழுத்து அதற்குச் சான்று.

இதற்கு எழும் மறுப்புகளை நாம் அறிவோம்.

கிறிஸ்தவன் மன்னிக்கவேண்டும், வழக்காடலாமா என்பது ஒன்று. தன் உரிமையை அறிந்தவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது மன்னிப்பு. அறியாதவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் களவு. களவுக்கு மன்னிப்பு என்று பெயர் சூட்ட எவருக்கும் அதிகாரம் இல்லை.

கொரிந்தியரைத் தூய பவுல் கடிந்துகொள்ளவில்லையா என்பது இரண்டாவது. கடிந்துகொண்டார். ஏன்? சகோதரருக்கிடையே எழும் வழக்கைத் தீர்க்க உங்களுள் விவரமறிந்த ஒருவர்கூட இல்லையா என்று வெட்கப்படுத்துகிறார். அந்த ஒருவரைத்தான் நாமும் தேடுகிறோம். அதே பவுல், விசாரணையின்றித் தம்மைச் சாட்டையால் அடிக்கவந்த நூற்றுவர் தலைவனிடம் உரோமைக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார். இறுதியில் பேரரசரிடமே மேல்முறையீடு செய்தார். சட்டம் தெரிந்திருந்ததால் அவர் முதுகு தப்பியது.

வழக்கில் வென்றவன் தோற்றவன், தோற்றவன் செத்தவன் என்பது மூன்றாவது. நீண்ட வழக்கின் துயரை நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் மக்களுக்குத் தேவைப்படுவதில் பெரும்பகுதி ஒரு மனுவோடு முடியக்கூடியது. வழக்காகும் இடத்திலும் மக்கள் நீதிமன்றம் உண்டு. இரு தரப்பும் இசைந்து முடித்தால் அத்தீர்வு உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை, முன்னரே கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

நான்காவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. திருவிழாவுக்குத் தோட்ட முதலாளிகள் நன்கொடை தருகிறார்கள். தேருக்கு விளக்கு தருகிறார்கள். அவர்கள் மனம் கோணலாமா? தொழிலாளியின் 420 நாள் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு துளியைத் தேர் விளக்காகத் தந்தால், அவ்விளக்கின் வெளிச்சத்தில் எந்தப் புனிதரின் முகத்தை நாம் காண்போம்? நேர்மையாகக் கணக்குத் தீர்க்கும் தோட்டங்களும் உண்டு; அவர்களுக்கு இக்கட்டுரையால் அச்சமில்லை.

திருச்சபை இவ்வழியில் நடந்ததே இல்லை என்று எண்ணவேண்டாம். 1253-இல் பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் பிறந்த புனித ஈவோ, சட்டம் பயின்ற குரு. ஏழைகளுக்காகக் கட்டணமின்றி வழக்காடியவர். வழக்கறிஞர்களின் பாதுகாவலராக மே 19 அன்று அவரை நினைவுகூர்கிறோம். சிலி நாட்டில் இராணுவ ஆட்சியில் மக்கள் காணாமற்போனபோது, சாந்தியாகோ பேராயர் கர்தினால் சில்வா என்ரிக்கேஸ் 1976-இல் தனிப் பணியகமே நிறுவி, வழக்கறிஞரையும் பணியாளரையும் அமர்த்தி, நீதிமன்றங்களில் ஆயிரக்கணக்கான மனுக்கள் செல்லச் செய்தார். நம் திருச்சி மாவட்டத்து விரகாலூரில் 1937-இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக வாடிய பழங்குடி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றத்தை நாடினார். 2020 அக்டோபரில் கைதாகி, தாமே விசாரணைக் கைதியாகி, பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று இறைவனடி சேர்ந்தார். அவருக்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம், மெழுகுதிரி ஏற்றினோம். அவர் செய்த வேலையைத் தொடர நம் பங்கிலிருந்து யாரை அனுப்பினோம்?

ஆகவே நாம் வேண்டுவது பெரிய நிறுவனம் அன்று. பங்கு ஒன்றுக்கு இருவர். அவர்களுள் ஒருவரேனும் பெண். மாவட்ட ஆணைக்குழு அறிவிப்பு வெளியிடும்போது, பங்குப் பேரவை அவர்களைத் தேர்ந்து விண்ணப்பிக்கச் செய்யட்டும். பேருந்துக் கட்டணத்தையும், பயிற்சி நாளில் இழக்கும் கூலியையும் உண்டியலிலிருந்து கொடுக்கட்டும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வளாகத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பதிவேடு. எந்தச் சமயத்தாரும் வரலாம். படுகர் ஊரின் சிறு விவசாயியும் வரலாம். குறும்பர், இருளர் குடியிருப்பின் மக்களும் வரலாம். கட்டணம் வாங்கலாகாது, கேட்டதை வெளியே சொல்லலாகாது. மாதம் ஒருமுறை அன்பியக் கூட்டத்தில், இறைவார்த்தைப் பகிர்வுக்குப் பின் பதினைந்து நிமிடம் ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

குருக்களாகிய நமக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு அவர் மொழியில் முழுவதும் படித்துக் காட்டப்படாத எந்தத் தாளிலும் சாட்சிக் கையெழுத்து இடுவதில்லை என்று உறுதி கொள்வோம். பிக்கட்டியில் நாம் இதைத் தொடங்கிவிட்டோம். அன்று 'செல்லாது' என்று சொன்ன அந்தப் பெண்ணே ஞாயிறுதோறும் மேசையில் அமர்கிறார். கையெழுத்துக்காக நம்மிடம் வருவோரை, முதலில் அவரிடம் அனுப்புகிறோம்.

லூக்கா நற்செய்தியில் ஒரு கைம்பெண் நேர்மையற்ற நடுவனிடம் ஓயாமல் நடந்தாள். அவளுக்குத் துணையாக யாரும் வந்ததாக உவமை சொல்லவில்லை. அவளிடம் இருந்தவை இரண்டு கால்கள் மட்டுமே. ஆண்டுதோறும் அப்பகுதியை வாசித்துவிட்டு அவளுடைய விடாமுயற்சியைப் புகழ்ந்து மறையுரை ஆற்றுகிறோம். நம் பங்குகளின் கைம்பெண்களோ இன்றும் மஞ்சூருக்கும் உதகைக்கும் தனியே நடக்கிறார்கள். அவ்வழியில் அவர்களோடு நடக்க இருவரை அனுப்பிவிட்டு, அதன்பின் பெந்தக்கோஸ்து நாளில் துணையாளரே வாரும் என்று பாடுவோம்.